பாய்ப்படகின் ஒழுகும் சாளரங்கள்



மும்பையில் வாழும் நம்மவர்க்கு ஒழுக்கு என்பது புதிய செய்தியன்று. மே மாதம் முடியுமுன்னரே தாராவியிலும் சயானிலும் கூரைகளின்மேல் நீலத் தார்ப்பாய்கள் ஏறத் தொடங்கிவிடும். அவற்றின்மேல் செங்கல்லையும் பழைய டயரையும் பாரமாக வைத்துவிட்டு நான்கு மாத மழையை எதிர்நோக்கியிருப்போம். தில்லியில் இருப்பவர்களுக்கும் கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கும் இவ்வநுபவம் சிறிது வேறுபடலாம். ஆயினும் வாடகை வீட்டில் குடியிருந்த எவரும், வீட்டுக்காரர் கொத்தனாரை அனுப்பும்வரை தாமே ஏதேனும் ஒன்றைக் கொண்டு ஓட்டையை அடைத்த வரலாறு உடையவராகவே இருப்பர். அத்தகைய தற்காலிக அடைப்பைப் பற்றித்தான் இன்று பேச விழைகின்றேன். ஆனால் நான் கூறப்போவது வீட்டைப் பற்றியதன்று. கடலில் செல்லும் ஒரு சிறு பாய்ப்படகைப் பற்றியது.

நான் தூத்துக்குடியிற் பிறந்தவன். மும்பைக்கு வந்து இயந்திரப் பணிமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன். கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னே நின்று பார்த்தால், எலிபெண்டா செல்லும் விசைப்படகுகளுக்கு அப்பால், உயர்ந்த பாய்மரங்களோடு சில வெண்ணிறப் படகுகள் மிதவைகளிற் கட்டுண்டு அசைந்துகொண்டிருப்பதைக் காணலாம். அவற்றுட் சிலவற்றைப் பழுது பார்த்துக் கொடுப்பது எனக்கு முதலில் பொழுதுபோக்காக இருந்தது. பின்னர் அதுவே பழக்கமாயிற்று. அவ்வாறு பழகிய மராத்திய நண்பர் ஒருவர், கோவாவில் 30 அடி நீளமுள்ள ஒரு பழைய பாய்ப்படகை விலைக்கு வாங்கினார். மழைக்காலம் தொடங்குமுன் அதனை மும்பைக்குக் கொண்டுவந்து கரையேற்றிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். மே மாத நடுவிற்குப் பிறகு மேலைக் கடற்கரையில் சிறு படகோடு திரிவது அறிவுடைமையன்று. ஆகவே எங்களுக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு.

இத்தகைய படகின் அமைப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். அதன் உடல் கண்ணாடியிழையால் ஆனது. தளத்தின் நடுவே, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு சிற்றறை எழும்பி நிற்கும். படுக்கை, அடுப்பு, வரைபட மேசை, மின்விசைப் பலகை ஆகிய அனைத்தும் அதனுள்ளே அடங்கும். அறையின் இரு பக்கங்களிலும் நீண்ட சாளரங்கள் உண்டு. அவற்றில் இருப்பது உண்மையான கண்ணாடியன்று. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் தகடு. அதனை அலுமினியச் சட்டத்திற் பொருத்தி, சட்டத்தை அறைச்சுவரில் திருகாணிகளால் முடுக்கியிருப்பர். எங்கள் படகின் சட்டங்கள் முப்பது கோடைகளைக் கண்டவை. சட்டத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வார், காய்ந்த புளியங்கொட்டைத் தோலைப்போல இறுகி, மூலைகளில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தது. வரைபட மேசைக்கு மேலிருந்த வலப்புறச் சாளரத்தின் கீழே பழுப்புக் கறை வழிந்திருந்தது. நல்ல ரப்பர் வார் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்; அது வந்து சேர ஆறு வாரமாகும் என்றார்கள். எங்களிடமோ ஆறு நாள்கூட இல்லை.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கடைக்குச் சென்று, குளியலறைகளிற் பூசும் சிலிக்கோன் பசைக் குழாய் இரண்டு வாங்கிவந்து, சாளரச் சட்டத்தைச் சுற்றி உட்புறமாக மிக அழகாகப் பூசினேன். விரலைச் சோப்பு நீரில் தோய்த்து நேர்த்தியாக வழித்தும் விட்டேன். உட்புறத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் யாதெனில், வெளியே வெயில் கடுமை, உள்ளே நிழல். மேலும் நீர் கண்ணுக்குத் தெரிந்தது உள்ளேதான். மறுநாள் வாளி வாளியாக நீரை எடுத்துச் சாளரத்தின்மேல் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு துளியும் இல்லை. நண்பர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

கோவாவை விட்டுப் புறப்பட்டோம். எங்கள் இருவரோடு மால்வண் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் வந்தார். மரப்படகு கட்டும் தச்சுத் தொழிலில் வாழ்நாள் முழுதும் கழித்தவர். அவரை நாங்கள் ‘காகா’ என்றே அழைப்போம். மராத்தியில் அது சிற்றப்பனைக் குறிக்கும் சொல். கோடையில் இக்கடலில் பிற்பகல்தோறும் வடமேற்கிலிருந்து காற்று வலுத்து வீசும். வடக்கே மும்பைக்குச் செல்வோர் அக்காற்றை இடப்பக்கத்தில் வாங்கி, படகு வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்த நிலையில், அலைகளைக் குத்திக்கொண்டே செல்ல வேண்டும். சாய்ந்த பக்கத்துச் சாளரம் நீருக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். துறையில் நின்றபோது நாங்கள் ஊற்றிய வாளித்தண்ணீர் இதற்கு முன் எம்மாத்திரம்!

இரண்டாம் இரவு, ஏறத்தாழ ஒன்பது மணியளவில், இரத்தினகிரிக்கு வடமேற்கே சென்றுகொண்டிருந்தோம். திடீரென்று எங்கள் விளக்குகள் யாவும் அணைந்தன. பாய்மர உச்சி விளக்கு, திசைமானி விளக்கு, கப்பல்களோடு பேசும் வானொலி ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் உயிர் விட்டன. நான் உள்ளே இறங்கிக் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். சாளரத்தின் கீழே சுவர் வறண்டு கிடந்தது. ஆனால் மின்விசைப் பலகையின் பின்னாலிருந்து உப்புநீர் இழை இழையாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் மேலேயிருந்து நண்பர் கூவினார். தொலைவில் ஒரு சரக்குக் கப்பல். அதன் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒருங்கே தெரிந்தன. கடலோடிகளுக்கு அதன் பொருள் விளங்கும். கப்பல் ஒன்றின் இடப்புறச் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது ஒருபுறமாக விலகிச் செல்கிறது. வலப்புறப் பச்சை மட்டும் தெரிந்தால் மறுபுறமாகச் செல்கிறது. இரண்டும் தெரிந்தால் அது நேரே நம்மை நோக்கி வருகிறது.

காகா ஒரு சொல்லும் சொல்லாமல் பெரிய கைவிளக்கை எடுத்து, எங்கள் வெள்ளைப் பாயின்மீது ஒளியைப் பாய்ச்சினார். இருட்டில் அவ்வளவு பெரிய வெண்பரப்பு ஒளிர்ந்தால் தொலைவிலுள்ளவர்க்கும் புலப்படும். இயந்திரத்துக்கு நல்லவேளையாகத் தனி மின்கலம் இருந்தது. அதனை முடுக்கி, படகைத் திருப்பி விலகினோம். கப்பல் எங்களைக் கண்டு விலகியதா, அன்றி எங்கள் திருப்பமே போதுமானதாயிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கரிய மலையொன்று இரைச்சலோடு நகர்ந்து செல்வதுபோல அது எங்களைக் கடந்து சென்றது. அதன் அலையில் எங்கள் படகு வெகுநேரம் உருண்டது.

பொழுது விடிந்ததும் ஜயகட் விரிகுடாவில் ஒதுங்கி நங்கூரம் இட்டோம். காகா சாளரத்தின் அருகே அமர்ந்து, என் சிலிக்கோன் வேலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “நீ தண்ணீர் வரும் வாயிலை அடைக்கவில்லை, வந்த தண்ணீர் வெளியே தெரியும் வாயிலை அடைத்திருக்கிறாய்” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. அறைச்சுவர் ஒற்றைச் சுவரன்று. வெளியே கண்ணாடியிழை, உள்ளே அழகுக்கான பலகை, இரண்டிற்கும் நடுவே வெற்றிடம். நீர் வெளிமூலையில் நுழைந்து அவ்வெற்றிடத்தில் இறங்குகிறது. முன்பு அது உட்சட்டத்தின் ஓரமாகக் கசிந்து கறையை உண்டாக்கிற்று. அவ்வழியை நான் அடைத்துவிட்டமையால் அது வேறு வழி தேடி, மின்கம்பிகள் செல்லும் குழாயிற் புகுந்து, விசைப்பலகையை அடைந்துவிட்டது. ஒழுக்கு நின்றுவிட்டதென்று நாங்கள் மகிழ்ந்திருந்த இரண்டு நாளும் அது சுவருக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

சாளரம் ஏன் ஒழுகுகிறது என்பதைச் சிறிது விளக்குவது இங்கே பொருந்தும். வெப்பத்தில் எப்பொருளும் விரியும். ஆயினும் எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. அக்ரிலிக் தகடு அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும் இயல்புடையது. 600 மில்லிமீட்டர் நீளமுள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். இரவின் குளிர்ச்சிக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே அதன் வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால், தகடு ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும். சட்டமோ அரை மில்லிமீட்டர்கூட நீளாது. நாள்தோறும் இந்த இழுபறியைத் தாங்குவது நடுவிலுள்ள பசையும் ரப்பருமே. அவை மிருதுவாக இருக்குமட்டும் தாங்கும், இறுகிப்போனால் விட்டுவிடும். இதனோடு பாயின் இழுவிசையால் படகின் உடல் முறுக்கிக்கொள்வதையும் சேர்த்து நோக்க வேண்டும். துறையில் நிற்கும்போது மூடியிருக்கும் விரிசல் கடலில் சாய்ந்து ஓடும்போது திறந்துகொள்ளும். வாளித்தண்ணீர்ச் சோதனை எங்களை ஏமாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒழுக்கின் வாயைக் கண்டறிவதே பாதி வேலை. நீர் நுழையும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. சாளரத்தின் கீழே ஈரம் கண்டால் சாளரத்தையே பழிப்பது இயல்பு. ஆனால் அதற்கு மேலே தளத்திலுள்ள கைப்பிடிக் கம்பியின் மரையாணித் துளை வழியே நுழைந்த நீர், உட்கூரையில் ஓடிவந்து சாளர விளிம்பிற் சொட்டுவதும் உண்டு. ஆகையால் ஒருவர் வெளியே நன்னீர்க் குழாயை மெல்லத் திறந்து பிடிக்க வேண்டும். மற்றொருவர் உள்ளே கைவிளக்கோடும் உலர்ந்த செய்தித்தாளோடும் அமர்ந்திருக்க வேண்டும். நீரைக் கீழ்விளிம்பிலே தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும். பின்னர் எதுவும் விளங்காது. உட்பலகையைக் கழற்ற இயலுமாயின் கழற்றிவிட்டே இச்சோதனையைச் செய்தல் நலம்.

இதனினும் நுட்பமான வழி ஒன்றுண்டு. அறையின் திறப்புகள் யாவற்றையும் அடைத்துவிட்டு, ஒன்றின் வழியே மட்டும் காற்றூதும் கருவியைப் பொருத்தி உள்ளே காற்றை நிரப்புவது. பிறகு வெளியே சட்டத்தின்மேல் சோப்பு நீரைத் துணியால் தடவினால், ஓட்டை உள்ள இடத்திலே குமிழிகள் எழும். சைக்கிள் கடைக்காரர் பழுதான குழாயை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பது போலத்தான். ஜயகட்டில் எங்களிடம் காற்றூதும் கருவி இல்லை. எனவே குடிநீர்க் கலத்திலிருந்து நீர் எடுத்து, கோப்பையால் கீழிருந்து மேலாக ஊற்றிக்கொண்டே வந்தோம். அணியத்தை நோக்கிய கீழ்மூலை, பின்பக்கத்து மேல்மூலை ஆகிய இரண்டு இடங்களும் அகப்பட்டன.

இனி அடைப்பு. காகா முதலிற் கேட்டது பசையையன்று, நன்னீரையும் பழந்துணியையுமே. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். உப்புப் படிந்த பரப்பு கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றினும் உண்மையில் உலர்ந்ததன்று. அதன்மேல் ஒட்டிய எதுவும் நிலைக்காது. சோப்பு நீரால் ஒருமுறையும் வெறும் நன்னீரால் இருமுறையும் துடைத்து, வெயிலில் இரண்டு மணி நேரம் காயவிட்டோம். நான் ஸ்பிரிட் புட்டியை எடுத்தேன். கண்ணாடியிழைப் பரப்பை அதனால் துடைக்கலாம். அக்ரிலிக் தகட்டின்மேல் அது படலாகாது. ஸ்பிரிட்டும் அசிட்டோனும் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கிவிடும். அவசரத்தில் பலர் செய்யும் பிழை இது.

அடுத்து நான் திருப்புளியை எடுத்துத் திருகாணிகளை இறுக்க முற்பட்டேன். காகா தடுத்தார். தளர்ந்திருந்தால் கால் சுற்று இறுக்கலாம். அதற்குமேல் இறுக்கினால் மிஞ்சியுள்ள பசையும் பிதுங்கி வெளியேறும், பழைய சட்டம் வளைந்தும் போகும்.

எங்களிடம் பியூட்டைல் ரப்பர் நாடா ஒரு சுருள் இருந்தது; வேறொரு வேலைக்காக வாங்கியது. பிசைந்த கோதுமை மாவைப்போல மிருதுவாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் பொருள் அது. அது இறுகுவதில்லை, இதுவே அதன் சிறப்பு. தகடும் சட்டமும் எவ்வளவு அசைந்தாலும் கூடவே நீண்டு சுருங்கும். காகா அதனை மோந்து பார்த்து, விரலிடை உருட்டிப் பார்த்து, தம் காலத்துக் குங்கிலியக் கலவையோடு ஒப்பிட்டார். மரப்படகின் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைச் செலுத்தி, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சி மேலே பூசுவது நம் நாட்டுக் கடற்கரைகளில் நெடுங்கால வழக்கம். தூத்துக்குடித் தோணித்துறையில் அதனைக் கலப்பற்று என்பர். அச்சொல்லை நான் கேட்டு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜயகட்டில் அன்று என் நாவில் அது தானாக வந்தது.

நாடாவைப் பென்சில் பருமனில் திரித்து, சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே வெளிப்புறமாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சென்றோம். இரண்டு மூலைகளில் மட்டுமன்று, சுற்றளவு முழுவதும். ஓரிடத்தை அடைத்தால் நீர் அடுத்த இடத்தைத் தேடும் என்பதை முந்திய இரவிலேயே கற்றுக்கொண்டோம். அதன்மேல் நீர்புகாத துணிநாடாவை ஒட்டினோம். இதில் ஒரு முறையுண்டு. முதலிற் கீழ்விளிம்பு, பிறகு இரு பக்கங்கள், கடைசியாக மேல்விளிம்பு. ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதன்மேல் ஓரங்குலம் படிய வேண்டும். ஓடு வேய்பவர் செய்வதும் இதுவே. மாற்றி ஒட்டினால் வழிந்துவரும் நீர் நாடாவின் விளிம்பில் தங்கி உள்ளே புகும். நாடாவின் முனைகளைக் கூராக விடாமல் கத்தரியால் வளைவாக வெட்டினோம்; கூரிய முனைகளையே அலை முதலிற் பற்றி உரிக்கும்.

துணிநாடா இரண்டு மூன்று வாரத்திற்கு மேல் வெயிலில் இருக்கலாகாது. அதன் பசை உருகிப் பரப்போடு ஒன்றிவிடும். துணி மட்டும் கையோடு வரும். எனவே நாடாவின் ஓரத்தில் மையால் அன்றைய தேதியை எழுதினேன். தற்காலிக அடைப்பு என்பது தேதியிட்ட கடன்சீட்டு போன்றது. வட்டியைப் படகு வாங்கிக்கொள்ளும்.

வேறு சில பொருள்களையும் குறிப்பிட வேண்டும். மயிரிழை போன்ற விரிசலாயின், பால் போன்ற நீர்த்த பசைத் திரவம் ஒன்று கிடைக்கிறது. அதனை விரிசலின் ஓரத்தில் விட்டால் தானே உள்ளே ஊர்ந்து சென்று உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அரை மணிக்கொருமுறை, இனி உறிஞ்சாது என்னும் நிலை வரும்வரை விடுதல் வேண்டும். அகன்ற இடைவெளிக்கு அது உதவாது. படகு துறையிலேயே கிடந்து மழையை மட்டும் தாங்க வேண்டுமாயின், தடித்த பாலித்தீன் தாளைச் சாளரத்தினும் இரண்டங்குலம் பெரிதாக வெட்டி, சாளரம் முழுவதையும் மூடி ஓரங்களில் நாடா ஒட்டிவிடுதல் எளிது. நம் நீலத் தார்ப்பாயின் தம்பி அது. மெழுகையோ வாசலீனையோ தடவுவதும் ஓரிரவுக்கு நீரைத் தடுக்கும்; ஆனால் பின்னர் நிலையான பசை பூசும் நாளில் அவ்வெண்ணெய்ப் பசையைப் போக்குவது பெரும்பாடு.

சிலிக்கோனின் குற்றமும் அத்தகையதே, அதனினும் பெரியது. குளியலறையில் அது நல்ல வேலைக்காரன். படகில், நாளை கழற்ற வேண்டிய இடத்தில், அது போகமாட்டாத விருந்தாளி. சுரண்டி எடுத்தபின்னும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு படலத்தை விட்டுச்செல்லும்; அதன்மேல் வண்ணமும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது, புதிய சிலிக்கோனே சரிவர ஒட்டாது. தற்காலிக வேலைக்கு எளிதிற் கழலும் பொருளே ஏற்றது. கப்பற்பட்டறைகளில் வழங்கும் பாலிசல்பைட் பசை மரத்துக்கும் உலோகத்துக்கும் மிக நல்லதாயினும் அக்ரிலிக்கைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வெளியே செல்ல இயலாதபடி கடல் கொந்தளிக்கும்போது என் செய்வது? அப்போது நீரை நிறுத்த முயலாமல் வழிகாட்டுதலே தக்கது. சொட்டும் இடத்தில் ஒரு பருத்தி நூலை ஒட்டி, அதன் மறுமுனையை ஒரு புட்டிக்குள் விடுங்கள். நீர் நூலைப் பற்றிக்கொண்டே புட்டிக்குள் இறங்கும். படுக்கையும் மின்கம்பியும் நனையா. நான் அழகாகப் பூசிய இரண்டு குழாய்ச் சிலிக்கோனைவிட ஒரு முழ நூல் அன்றிரவு எங்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும்.

தற்காலிக அடைப்பு என்றதும் அதனை இழிவாக எண்ணுவோர்க்கு மும்பைக்கு உரிய ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். 1964ஆம் ஆண்டில் பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தால் 32 அடிப் பாய்ப்படகு ஒன்றைக் கட்டினர். அதன் பெயர் சுகைலி. அதன் தலைவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய மாலுமி. அப்படகில் அவர் 1968 ஜூன் 14இல் இங்கிலாந்தின் பால்மத் துறையிலிருந்து தனியாகப் புறப்பட்டு, எங்கும் கரை சேராமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பிறகு 1969 ஏப்ரல் 22இல் அதே துறையை அடைந்தார். அவ்வாறு தனியே நில்லாமல் உலகைச் சுற்றியவர்களில் அவரே முதல்வர். புறப்பட்ட சில வாரங்களிலேயே, அட்லாண்டிக் கடலில், படகின் அடிப்பகுதியில் பலகை இடுக்கு திறந்து நீர் பெருகிற்று. அவர் கடலில் மூழ்கி இடுக்கிற் பஞ்சைத் திணித்துப் பார்த்தார்; நிற்கவில்லை. பின்னர்ப் பஞ்சுத் திரியை நீண்ட பாய்த்துணிப் பட்டையோடு தைத்து, தார் தடவி, செப்பாணிகளால் வெளிப்புறத்தில் அறைந்தார். அதன்மேல் செப்புத் தகட்டையும் வைத்தார். இடையில் ஒரு சுறாமீன் வந்து சுற்றியதாம். அதனைத் துப்பாக்கியாற் சுட்டுவிட்டு மீண்டும் இறங்கினார்.

அவர் செய்த முறையை நோக்குங்கள். வெளிப்புறம், அசைவுக்கு இடங்கொடுக்கும் பொருள், அதன்மேல் ஒரு காப்பு. அதே ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில், தென்கடலில் பேரலையொன்று படகைக் கவிழ்த்தபோது, தளத்தின்மேல் நின்ற அறையே சற்று இடம்பெயர்ந்து, ஓரமெங்கும் நீர் கசியலாயிற்று. அங்கே அவர் பூச்சோடு நிற்கவில்லை; ஆணிகளையும் திருகாணிகளையும் கூடுதலாகச் செலுத்தி அறையைத் தளத்தோடு பிணைத்தார். அறை பெயர்ந்துவிட்டால் தளத்தில் பெரும் பள்ளமே திறந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கசிவைப் பூசலாம், வலுவிழப்பைப் பூச முடியாது.

இவ்வேறுபாடு சாளரத்துக்கும் பொருந்தும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஆயிரம் கிலோகிராமுக்கும் அதிகம். அத்தகைய நீர் அலையாக எழுந்து தகட்டின்மேல் விழும்போது, வெடிப்புற்ற தகடு உள்ளே தெறித்துவிடும். எந்த நாடாவும் அதனைத் தடுக்காது. 1979 ஆகஸ்டில் அயர்லாந்துக் கடலருகே பாஸ்ட்நெட் பந்தயத்திற் புகுந்த புயலை நேயர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். 303 படகுகள் புறப்பட்டன. பந்தயத்திற் சென்றவருள் 15 பேர் மாண்டனர். 24 படகுகளை அவற்றின் மாலுமிகள் கைவிட்டனர். ஆயினும் மூழ்கியவை ஐந்தே; மற்றவை பின்னர் மிதந்த நிலையில் மீட்கப்பட்டன. உள்ளே புகும் நீரைப் பொறுத்தே படகின் உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகையால் நெடுங்கடல் செல்வோர் சாளரங்களுக்குப் புயற்பலகைகளை முன்கூட்டியே செய்து வைத்திருப்பர். ஒட்டுப்பலகையைச் சாளரத்தினும் பெரிதாக அறுத்து, ஓரத்தில் மிருதுவான ரப்பர்ப் பட்டை ஒட்டி, நடுவே துளையிட்டு, நீண்ட மரையாணியைச் செலுத்துவர். தகடு உடைந்துபோனால், உட்புறம் ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்து அம்மரையாணியால் இறுக்கினால் பலகை சாளரத்தை இறுக மூடிக்கொள்ளும். நெடுங்கடற் பந்தய விதிகளில், 2 சதுர அடிக்கு மேற்பட்ட சாளரங்களுக்கு இத்தகைய மூடிகள் வேண்டும் என்று வரையறுத்ததுண்டு. பயணத்திற்கு முன்பே ஒருமுறை பொருத்திப் பார்த்து, எது எந்தச் சாளரத்துக்கு உரியது என்று பலகையிலேயே எழுதிவைத்தல் வேண்டும். இருட்டில், ஆடும் படகில், அளவு பார்த்துக்கொண்டிருக்க நேரம் வாய்க்காது.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஜயகட்டில் ஒரு பகல் தங்கினோம். விசைப்பலகையை நன்னீரால் கழுவி, காயவைத்து, விளக்குகளுக்கான ஒரு கம்பியை மட்டும் மின்கலத்தோடு நேரே இணைத்து நடுவில் ஓர் உருகியைப் பொருத்தினேன். என் சிலிக்கோன் பூச்சைக் கீழ்விளிம்பில் இரண்டங்குலம் வெட்டி எடுத்தேன். நீர் மீண்டும் உள்ளே புகுமாயின், அது கண்ணுக்குத் தெரிந்தே வரட்டும் என்று. வெட்டிய இடத்தின் கீழே ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டினேன். பின்னர் வந்த இரண்டு பிற்பகல்களிலும் காற்று முன்னைவிடக் கடுமையாகவே வீசிற்று. சாளரம் நீருக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது. மணிக்கொருமுறை இறங்கி அத்தாளைத் தொட்டுப் பார்த்தேன். மும்பைத் துறையில் நங்கூரம் இடும்வரை அது உலர்ந்தே இருந்தது.

மழைக்காலம் முழுதும் படகு கரையில் தார்ப்பாயின்கீழ் கிடந்தது. ரப்பர் வாரும் வந்து சேர்ந்தது. அக்டோபரில் சாளரத்தைக் கழற்றினோம். வெளிப்புறத்துப் பியூட்டைல் நாடா பத்து நிமிடத்தில் உருண்டு திரண்டு கையோடு வந்துவிட்டது. உட்புறத்துச் சிலிக்கோனைச் சுரண்டி, தேய்த்து, மீண்டும் சுரண்டி முடிக்க எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. உட்பலகையைத் திறந்தபோது, விசைப்பலகைக்குப் பின்னாலிருந்த ஒட்டுப்பலகை ஓரடி நீளத்துக்குக் கறுத்து, விரலால் குத்தினால் உள்ளே செல்லும் அளவுக்கு இற்றிருந்தது. அப்பகுதியை அறுத்தெடுத்துப் புதிய பலகை வைத்தோம். வேலை முடியும்வரை காகா அருகில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிலிக்கோனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அறுத்தெடுத்த கறுத்த பலகையை மட்டும் செய்தித்தாளிற் சுற்றி என் கையில் கொடுத்தார். அது இன்றும் என் கருவிப்பெட்டியின் அடியில் கிடக்கிறது.